நீலக் குல்லா மந்திரவாதியின் பெயர்

சென்ற மாதம் நம் பழைய வகுப்பின் வாட்சாப் குழுவில் உங்களில் ஒருவர் ஒரு படம் போட்டிருந்தார். மூலைகள் நைந்த அட்டைப்பெட்டி. மூடியில் ஒரு கோபுரம், அதன் இருபுறமும் கோலை நீட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு மந்திரவாதிகள். படத்தின் கீழே என்னிடம் இரண்டு கேள்விகள். நீலக் குல்லா மந்திரவாதி எங்கே போனான்? அவனுக்குள் நீ எழுதி வைத்திருந்த பெயர் என்ன?

எல்லோரும் சிரித்த முகங்களை அனுப்பினீர்கள். நானும் ஒன்றை அனுப்பினேன். அனுப்பிவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். முப்பதைத் தாண்டிய பிறகும், அலுவலகத்தில் பத்துப் பேருக்கு மேலதிகாரியான பிறகும், அந்தப் பெட்டியை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. முதல் கேள்விக்கு இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். இரண்டாவதற்குச் சொல்லப்போவதில்லை. ஏன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. நம் தீவின் ஆயர் ஈத்தாமில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த மாதங்கள். திடலுக்குப் போக முடியாத நம்மை அடக்க, அறிவியல் ஆசிரியர் பழைய சாமான் சந்தையில் அந்தப் பெட்டியை வாங்கி வந்தார். உள்ளே ஈரக் காகித வாடை. சுருள் படிக்கட்டு வரைந்த பலகை, மந்திரச் சீட்டுக்கட்டு, நிறம் நிறமாகக் குல்லா போட்ட கறுத்த மந்திரவாதிப் பொம்மைகள், பச்சைக் கண்ணாடிக் கற்கள். நாம் எல்லோரும் அந்தக் கற்களை ஒரு முறையாவது நாக்கில் வைத்துப் பார்த்திருப்போம். விதிப் புத்தகம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. ஆசிரியர் அதை என்னிடம் கொடுத்து, "நீ படிச்சு எல்லாருக்கும் சொல்லும்மா" என்றார். நான் மேசைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு படித்தேன். மழைச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி.

ஆட்டத்தின் உயிர் ஒரே விதியில் இருந்தது. ஒவ்வொரு மந்திரவாதிக்கும் ஓர் உண்மைப் பெயர் உண்டு. அதைச் சீட்டில் எழுதி, பொம்மையின் அடியில் உள்ள குழிக்குள் திணித்துவிட வேண்டும். எதிராளியின் மந்திரம் நம்மேல் பட்டால், அவன் ஓர் எழுத்தைக் கேட்கலாம். அந்த எழுத்து பெயரில் இருக்கிறதா இல்லையா என்று உண்மையைச் சொல்லியாக வேண்டும். முழுப் பெயரையும் அவன் கண்டுபிடித்துவிட்டால் நம் மந்திரவாதி விழுந்தான். தோற்காத வரை அதே பெயரை வைத்துக்கொள்ளலாம். ஆசிரியர் தன் பங்குக்கு ஒரு விதி சேர்த்தார்: "கற்பனைப் பேரு செல்லாது. நீங்க நேர்ல பாத்த ஆளா இருக்கணும்."

நீங்கள் நண்பர்களின் பெயரை எழுதினீர்கள். ஆசிரியர்களின் பெயரை எழுதினீர்கள். சிற்றுண்டிச்சாலை அக்காவின் பெயரை ஒரே நாளில் மூன்று பேர் எழுதினீர்கள். எல்லாம் நாலு எழுத்தில் மாட்டிக்கொண்டன. நான் மட்டும் ஐந்து வாரம் தோற்கவில்லை. நான் எழுதியது என் அம்மாவின் பெயர்.

அதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அம்மாவை அப்பா "இந்தா" என்பார். அத்தை "அண்ணி" என்பார். அம்மா பாத்திரம் கழுவிய சாப்பாட்டுக் கடையில் "அக்கா". நம் பிளாட்டில் "மூணாம் மாடி". உங்களுக்கு "அவளோட அம்மா". அடையாள அட்டையைத் தவிர அந்தப் பெயர் உலகத்தில் எங்குமே இல்லை.

எழுத்து வடிவத்தில் அதை வெளியே கொண்டுவந்தவள் நான். அம்மா பிறந்தபோது பிறப்புப் பத்திரம் எடுக்கவில்லை. பத்திரம் இல்லாததால் பள்ளி சேர்த்துக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்குப் பிறகுதான், அத்தை கூடவே அலைந்து சாட்சி சொல்லி, அடையாள அட்டை கிடைத்தது. அப்பா இரண்டாம் ஆண்டோடு நின்றவர். ஆகவே எங்கள் வீட்டுக்குள் காகிதம் எது வந்தாலும் என்னிடம்தான் வரும். மின்சாரக் கட்டணம், கிளினிக் சீட்டு, சத்து மாவு டப்பாவின் பின்பக்கம். நாலாம் ஆண்டில் நான் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தேன். ரூமியில், அதாவது ஆங்கில எழுத்தில், ஏழு எழுத்து. அவருக்கு அவை எழுத்துகள் அல்ல, சாமான்கள். இது கூடாரம், இது ஏணி, இது வளைஞ்ச பாம்பு. எந்தச் சாமான் எத்தனையாவது என்று சொல்லமாட்டேன். நீங்கள் இன்னும் விளையாடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

பெற்றோர் நாளில் அம்மா என் மதிப்பெண் புத்தகத்தில் அந்த ஏழு சாமான்களையும் வரைந்து முடித்தபோது, ஆசிரியர் அதை மற்றவர்களுக்குத் தூக்கிக் காட்டினார். "போன வருஷம் கைநாட்டு. இந்த வருஷம் பாருங்க. மக சொல்லிக் குடுத்தது." அன்று நான் தரையில் நடக்கவில்லை.

இப்போது பொம்மை.

கடைத்தொகுதி ஒன்றில் சிறுவர்களுக்கான பலகை ஆட்டப் போட்டி வருகிறது, நம் பள்ளியிலிருந்து ஒருவரை அனுப்பப்போகிறேன் என்று ஆசிரியர் சொன்ன வாரம். வெள்ளிக்கிழமை கடைசி ஆட்டம் ஆடி ஆளைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தது. அலமாரியில் இருந்த பொம்மைக்குள்ளிருந்து சீட்டை உங்களில் யாரோ எடுத்துப் பார்க்கப்போவதாகக் காதில் விழுந்தது. பயந்துவிட்டேன். புதன்கிழமை நீலக் குல்லாவைப் பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். குழியின் மூடி எப்போதோ தொலைந்திருந்தது. சீட்டு விழாமல் இருக்க மெழுகை உருக்கி அடைத்து, அம்மாவின் தையல் டப்பாவிலிருந்து சிவப்பு நூலை எடுத்து அதன் இடுப்பில் சுற்றிச் சுற்றிக் கட்டினேன்.

கீழ் மாடியில் இருந்த அத்தை தினமும் தன் சின்ன மகனை எங்கள் வீட்டில் விடுவார். கிடைத்ததையெல்லாம் வாயில் போடும் வயது. அவன் கைக்கு எட்டாத ஒரே இடம், சுவரோரமாக அம்மா படுக்கும் மெத்தையின் அடி. அங்கே வைத்தேன்.

நீங்கள் சிரிக்கலாம். குல்லா போட்ட கறுத்த பொம்மை. மெழுகு. சிவப்பு நூல். உள்ளே ஒரு பெண்ணின் பெயர். அவள் மெத்தைக்கு அடியில். பதினொரு வயதில், அவ்வளவு படித்த எனக்கு, இதெல்லாம் சேர்ந்தால் என்னவாகும் என்று தோன்றவே இல்லை.

மறுநாள் பள்ளி விட்டு வந்தபோது கதவு திறந்து கிடந்தது. மெத்தை தூக்கிச் சுவரில் சாய்க்கப்பட்டிருந்தது. அம்மா தரையில் குந்தியிருந்தார். அவருக்கு முன்னால் விரித்த நாளிதழ்மேல் உப்பு, உப்பின்மேல் நூல் அறுக்கப்பட்ட என் மந்திரவாதி. கையால் தொடாமல் இரண்டு கரண்டிக் காம்புகளால் சீட்டைப் பிரித்து வைத்திருந்தார்.

"கிட்ட வராத. அங்கயே நில்லு."

நின்றேன்.

"ரெண்டு மாசமா இடுப்பு ஒடியுதுன்னு சொன்னேன்ல? பாத்தியா எங்க வச்சிருக்காங்கன்னு." குரல் மெதுவாக இருந்தது. கத்தியிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று இப்போதும் நினைக்கிறேன். "இங்கேருந்தே பாத்துச் சொல்லு. இது என் பேருதானே? படி."

வீட்டில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. எட்டிப் பார்த்தேன். என் கையெழுத்து என்னைப் பார்த்தது.

"ஆமாம்மா" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அது உண்மை. வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் அதைவிடப் பெரியது எதுவும் இல்லை.

"என் பேரு யாருக்குத் தெரியும்?" அம்மா விரலை மடக்கினார். "உங்கப்பாவுக்குத் தெரியும். உனக்குத் தெரியும்." மூன்றாவது விரலை மடக்காமல் நிறுத்திக்கொண்டார். பதிவு அலுவலகத்தில் அம்மாவுக்காகச் சாட்சி நின்றது அத்தைதான். தினமும் இந்த வீட்டுக்குள் வந்து போவதும் அத்தைதான்.

பிறகு அம்மா அதை நாளிதழோடு சுருட்டி, காய்ந்த மிளகாயும் எலுமிச்சையும் வைத்து, ஒரு நீலப் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டார். அன்று மாலையே பஸ் ஏறினோம். பஸ்ஸில் அம்மா பையைத் தன் மடியில் வைக்காமல் காலடியில் வைத்திருந்தார். ஒவ்வொரு வளைவிலும் அது என் கால் சப்பாத்தில் வந்து முட்டியது. சொல்லிவிடு, அடுத்த நிறுத்தத்தில் சொல்லிவிடு. எல்லா நிறுத்தங்களும் போயின. ஜெட்டி படகுத்துறையில் இறங்கி பெர்ரியின் மேல்தளத்துக்குப் போனோம். தீவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவில், இரண்டு கரையும் ஒரே தூரத்தில் தெரிந்த இடத்தில், அம்மா கடலுக்கு முதுகைக் காட்டி நின்று தலைக்கு மேலாக வீசினார்.

"திரும்பிப் பாக்காத" என்றார்.

நான் பார்த்தேன். பை மூழ்கவில்லை. காற்று அடைபட்டு, நுரைக்குள் குதித்துக் குதித்து எங்கள் பின்னாலேயே வந்தது.

நீலக் குல்லா அங்கேதான் போனான்.

ஆசிரியரிடம் தொலைந்துவிட்டது என்றேன். அவர் அலமாரியைக் காலி செய்து தேடினார். நீலக் குல்லாவுக்குப் பதிலாக நீங்கள் பசை டப்பாவின் மூடியை மந்திரவாதியாக வைத்தீர்கள். வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் அந்த மூடிக்கு அடியில் அதே பெயரை மீண்டும் எழுதி வைத்து ஜெயித்தேன். நான் சீட்டை இரண்டு முறை கீழே போட்டதைப் பார்த்து, மழைக் குளிர் என்று ஒருத்தி தன் குளிராடையைக் கொடுத்தாள். அவள் இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும், அது குளிர் இல்லை.

ஆசிரியர் போட்டிக்கான விண்ணப்பப் பாரத்தைக் கொடுத்தார். அடுத்த வெள்ளிக்குள் பெற்றோர் கையெழுத்தோடு வர வேண்டும்.

இதற்கிடையில் கொடுமை என்னவென்றால், அம்மாவின் இடுப்பு வலி விட்டுவிட்டது. "பாத்தியா?" என்று குனிந்து நிமிர்ந்து காட்டினார். அத்தைக்குக் கதவு திறப்பது நின்றது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவரை, உடம்பு சரியில்லை என்று கம்பிக் கதவுக்குப் பின்னாலிருந்தே திருப்பி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை, கடலுக்கு அப்பால் பிறை ஊருக்கு லோரியில் வேலைக்குப் போகும் அப்பா வீட்டில் இருந்தபோது, விஷயம் வெளியே வந்தது.

"என் தங்கச்சியா? அவளுக்கு அவ பேரையே எழுதத் தெரியாது. உன் பேர எப்டிடி எழுதுவா?"

"எழுதிக் குடுக்கவா ஆள் இல்ல இந்த ஊர்ல? காசக் குடுத்தா எழுதறான்."

"பைத்தியம்லா உனக்கு." அப்பா என் பக்கம் திரும்பினார். "ஏன் பாப்பா, படிச்சவ நீ சொல்லு. இப்படிலாம் இருக்குமா?"

தட்டில் இருந்த மீன் முள்ளை ஓரமாக அடுக்கினேன். பெரியதிலிருந்து சின்னதாக.

பாரத்தைக் கொடுக்க வியாழக்கிழமை வரை எனக்குத் தைரியம் வரவில்லை. கொடுத்ததும் அம்மா பேனாவை வாங்கவில்லை. என் நீல மார்க்கரை எடுத்துக் கட்டைவிரலில் தேய்த்துக்கொண்டார்.

"என்னம்மா பண்றீங்க? கையெழுத்துப் போடுங்கம்மா."

"வேணாம். கைநாட்டு போதும். வெரல யாரும் எழுதிப் பொம்மைக்குள்ள வைக்க முடியாதுல்ல? எழுதப் போய்த்தான் இவ்ளோ வந்துச்சு. இனிமே என் பேரு எந்தக் காகிதத்துலயும் வராது."

பாரத்தில் நீலமாக ஒரு கட்டைவிரல் பதிந்தது. அதைப் பார்த்தேன். இதை எடுத்துக்கொண்டுபோய் ஆசிரியரின் மேசையில், உங்கள் எல்லோர் முன்னாலும் வைக்க வேண்டும். உண்மையை எழுதுகிறேன்: அந்த நொடியில் எனக்கு அத்தையைப் பற்றிய கவலை இல்லை. அம்மாவின் பயத்தைப் பற்றியும் இல்லை. நான் சொல்லிக்கொடுத்த கையெழுத்து போய்விட்டதே என்பதுதான் கவலை.

அப்போது கம்பிக் கதவு ஆடியது. அத்தை. இடுப்பில் பிள்ளை.

"அண்ணி, அண்ணன் எல்லாத்தயும் சொல்லிட்டாரு. கதவத் தொறங்க. என் மூஞ்சப் பாத்துச் சொல்லுங்க, நான் வச்சேன்னு."

அம்மா மார்க்கரை மூடினார். பிள்ளை கம்பியை நக்கிக்கொண்டிருந்தான்.

"உங்க பேர சர்க்கார் புக்குல ஏத்தறதுக்கு எத்தன நாளு வேல போட்டுட்டு வந்து நின்னேன்? அந்தப் பேரயா நான் கெடுப்பேன்?"

"நான்தான்மா எழுதுனேன்" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா முதலில் அத்தையைத்தான் ஏசினார். "பாத்தியா, என் புள்ளயையே பேச வைக்கிற."

"இல்லம்மா. அது பள்ளிக்கூடத்துப் பொம்ம. வெளயாட்டு. பேர் எழுதி உள்ள வைக்கணும், யாரும் கண்டுபுடிக்கக் கூடாது. அதான் உங்க பேர எழுதுனேன். நூலு நான் கட்டுனது."

"பொய் சொல்லாத."

பாரத்தைத் திருப்பிப் போட்டு, பேனாவை எடுத்து, ஏழு எழுத்தையும் எழுதினேன். எனக்கு ஒரு கெட்ட பழக்கம், இன்றும் உண்டு. ஏணியின் வலது காலைக் கோட்டுக்குக் கீழே நீட்டிவிடுவேன். அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தபோது அதையும் சேர்த்தே கற்றுக்கொண்டார். அம்மா அந்த ஏணியை நெடுநேரம் பார்த்தார். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"ஜெயிச்சியா?"

"ம்?"

"என் பேர வச்சு. ஜெயிச்சியா?"

"எல்லா ஆட்டமும்."

அம்மா பேனாவை என் கையிலிருந்து வாங்கினார். பாரத்தைத் திருப்பி, கைநாட்டுக்குப் பக்கத்தில், சாமான் சாமானாக ஏழையும் வரைந்தார். நிமிர்ந்தபோது கம்பிக் கதவுக்கு அப்பால் யாரும் இல்லை. படிக்கட்டில் பிள்ளையின் குரல் இறங்கிக்கொண்டிருந்தது.

"கீழ போய் அத்தைகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வா" என்றார் அம்மா. "நீதானே எழுதுன. நீயே போ."

போனேன். அத்தை பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். கடலில் வீசியதுவரை நான் சொன்னதையெல்லாம் கேட்டார். பிள்ளையின் வாயைத் துடைத்தார்.

"உங்கம்மா வரலியா?"

"இல்ல அத்தை."

"பேர எழுதுனது நீ. என்னச் சந்தேகப்பட்டது அவுங்க. நீ மட்டும் வந்து நிக்கிற." கடைசி உருண்டையை என் வாயில் திணித்தார். "போ. போட்டியில நல்லா வெளயாடு."

போட்டியில் இரண்டாம் சுற்றில் தோற்றேன். அம்மாவின் பெயரை எழுதப் பயந்து, நம் தலைமையாசிரியரின் பெயரை எழுதினேன். வேறு பள்ளிக்காரர்களுக்குத் தெரியாது என்று கணக்குப் போட்டேன். எதிரில் உட்கார்ந்தவன் அவருடைய அண்ணன் மகன்.

அந்த ஆண்டுக் கடைசியில் அத்தை குடும்பம் பட்டர்வொர்த் பக்கம் பாகான் டாலாமுக்கு மாறிப் போனது. வாடகை குறைவு என்று சொன்னார்கள். அதன் பிறகு அம்மாவும் அத்தையும் கல்யாணங்களில் சந்தித்தார்கள். "சாப்டீங்களா அண்ணி?" "சாப்டேன். நீ?" அதற்குமேல் பேசி நான் கேட்டதில்லை. நான் பல்கலைக்கழகம் போனேன், வேலைக்கு வந்தேன், அம்மாவுக்கு வங்கிக் கணக்குத் திறந்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் ஆள், முதல் ஆள் என்று எல்லா இடத்திலும் சொன்னார்கள். நானும் சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் ஒரு நீலப் பை எங்கேயோ மூழ்காமல் குதித்துக்கொண்டிருந்தது.

நீங்கள் படம் போட்ட வாரம், அத்தை வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு அழைப்பு வந்திருந்தது. கம்பியை நக்கிய பிள்ளை வேலைக்குப் போய்ப் பாகான் டாலாமிலேயே வாங்கிய வீடு. காரில் பாலம் வழியாகப் போகலாம் என்றேன். அம்மா பெர்ரியில்தான் போக வேண்டும் என்றார். சுவர்க் கடிகாரம் வாங்கி, தாள் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டார். பெர்ரி இப்போது புதிது. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார வேண்டும். நடுக்கடலில் அம்மா கேட்டார்:

"இங்கதானே போட்டோம்?"

"ஆமாம்மா."

"அந்த ஏணிய நான் அன்னைக்கே பாத்தேன். காலு நீட்டிக்கிட்டு இருந்துச்சு. உன் எழுத்து மாதிரி இருக்கேன்னு மனசுக்குப் பட்டுச்சு. அதான் உன்னப் படிக்கச் சொன்னேன்." கடலைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நீ ஆமான்னு மட்டும் சொன்ன. படிச்ச புள்ள, வேற எதுவும் இருந்தா சொல்லும்னு விட்டுட்டேன்."

அம்மா கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். பரிசின்மேல் பெயர் ஒட்ட வேண்டுமல்லவா, வழக்கமாக அப்பாவின் பெயரை நான்தான் எழுதுவேன். பேனாவை நீட்டினேன். அம்மா அதை வாங்கித் தானே எழுதினார். பெர்ரியின் அதிர்வில் பாம்பு நெளிந்தது. ஏணியின் கால் நீண்டுகொண்டது. எழுதி முடித்து, சீட்டைப் பிடித்தபடி கரை வரும்வரை யோசித்துக்கொண்டிருந்தார். இறங்குவதற்கு முன் நாடாவுக்கு அடியில் செருகினார். கடையில் கட்டிக்கொடுத்த சிவப்பு நாடா.

வாசலில் அத்தை பரிசை இரண்டு கையாலும் வாங்கினார். சீட்டைப் பார்த்தார். அத்தைக்கு இன்றும் படிக்கத் தெரியாது.

"என்ன எழுதியிருக்கு அண்ணி?"

"என் பேரு" என்றார் அம்மா. "நான் எழுதுனது."

பின்னால் வந்த விருந்தாளிகள் செருப்பைக் கழற்றிவிட்டு எங்களைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். அத்தை நாடாவிலிருந்து சீட்டை மெல்ல உருவினார்.

"இத நான் என்ன பண்ணட்டும்? கடல்ல போடட்டா?"

அம்மாவின் கை என் முழங்கையைத் தேடிப் பிடித்தது. பிடி வலித்தது.

"வீட்லயே வச்சுக்க" என்றார். "உன் மெத்தைக்கு அடியில."

அத்தை சிரிக்கவில்லை. சீட்டை நாலாக மடித்து, ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, அம்மாவின் மற்றக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

அந்தச் சீட்டு இப்போது பாகான் டாலாமில் இருக்கிறது. பெயர் வேண்டுமென்றால் அங்கே போய்க் கேளுங்கள். அத்தை சொல்லமாட்டார்.